மேசைக்கும் நோயாளிக்கும் இடையே உள்ள தூரம்: தொற்றுநோய் ஆய்வில் பிஎச்.டி.யை எங்கே செய்வது?

எம்.எஸ்சி நுண்ணுயிரியல் முடித்த ஒருவர் தொற்றுநோய் ஆய்வையே தம் தொழிலாகக் கொள்வதென்று தீர்மானித்துவிட்டால், அடுத்து எழும் கேள்வி பிஎச்.டி.யை எங்கே செய்வது என்பதுதான். தமிழ்நாட்டிலிருந்து பார்க்கும்போது நான்கு வழிகள் தெரிகின்றன. பெங்களூரு, ஹைதராபாத், டெல்லி ஆகிய நகரங்களில் உள்ள அடிப்படை அறிவியல் ஆய்வகங்கள் ஒன்று, வேலூர் சி.எம்.சி போல மருத்துவமனையோடு ஒட்டி இயங்கும் ஆய்வகங்கள் இன்னொன்று; ஐ.சி.எம்.ஆர் எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் கீழ், களப்பணியை மையமாகக் கொண்டு இயங்கும் நிறுவனங்கள் மூன்றாவது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் நான்காவது. தடுப்பூசி நிறுவனங்களில் வேலைக்குச் சேர்வதை ஐந்தாவது வழியாகச் சொல்வோரும் உண்டு; அது பிஎச்.டி.க்கு மாற்றா, அதற்குப் பின் வருவதா என்பதைப் பிறகு பார்க்கலாம்.

மாணவர்கள் இவற்றை ஒப்பிடும்போது பெரும்பாலும் நிறுவனத்தின் தரவரிசை, உதவித்தொகை, கைடின் பெயர் எந்த ஆய்விதழ்களில் வந்திருக்கிறது என்பவற்றோடு நின்றுவிடுகிறார்கள். இவை பொருட்படுத்த வேண்டாதவை அல்ல. ஆனால் தொற்றுநோய் ஆய்வுக்கு மட்டும் பொருந்தும் ஓர் அளவுகோல் இருக்கிறது. அதை முதலில் வைத்துப் பார்த்தால் மற்றவை தாமாகவே தத்தம் இடத்துக்கு வந்துவிடும் என்பது என் கருத்து. நீங்கள் வேலை செய்யும் மேசைக்கும் நோயாளிக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது, அந்தத் தூரத்தைக் கடந்து சளி, இரத்தம் போன்ற மாதிரியைக் கொண்டுவருபவர் யார், அதனோடு நோயாளியைப் பற்றிய விவரமும் சேர்ந்து வருகிறதா என்பதே அது. இயற்பியலிலோ வேதியியலிலோ இக்கேள்விக்கு இடமில்லை. தொற்றுநோயில் இதுதான் ஒருவருடைய அடுத்த முப்பது ஆண்டுகளைத் தீர்மானிக்கிறது.

எம்.பி.பி.எஸ் முடித்தவர்களின் நிலை வேறு என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவர்கள் எம்.டி நுண்ணுயிரியலோ பொது மருத்துவமோ படித்து நோயாளியின் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். ஆய்வகத் திறனைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். தடுப்பூசி ஆய்வாளர் ககன்தீப் காங் வேலூரில் எம்.பி.பி.எஸ், எம்.டி, பிஎச்.டி என மூன்றையும் ஒரே வளாகத்தில் முடித்து, 2019இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானது அந்த வழியின் உச்சம். இக்கட்டுரை எம்.எஸ்சி முடித்தவர்களுக்கானது. நோயாளியின் படுக்கையருகே போகும் உரிமை அவர்களுக்குப் பட்டத்தின் வழியாக வருவதில்லை. அதை நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதன் மூலமாகத்தான் பெற வேண்டியிருக்கிறது.

முதலில் அடிப்படை அறிவியல் ஆய்வகங்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தொற்றுநோய் ஆய்வு மையம், ஹைதராபாத் சி.சி.எம்.பி, டெல்லியின் ஐ.சி.ஜி.இ.பி போன்ற இடங்களில் சேர்ந்தால் கிடைக்கும் பயிற்சியின் ஆழம் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. ஒரு மரபணுவை நீக்கிப் பார்ப்பது, நீக்கியதைத் திரும்பச் சேர்த்து விளைவு மீள்கிறதா என்று சரிபார்ப்பது, ஒவ்வொரு சோதனைக்கும் சரியான கன்ட்ரோலை, அதாவது ஒப்பீட்டுச் சோதனையை, வைப்பது, வாராந்தரக் கூட்டத்தில் தம் தரவைத் தாமே கிழித்துப் போடக் கற்றுக்கொள்வது ஆகிய பழக்கங்கள் அங்கே முதலாண்டிலேயே உடம்பில் ஊறிவிடுகின்றன. கருவிகள் ஓடும் நிலையில் இருக்கும். வேதிப்பொருள் வாங்கும் கோப்பு மேசை மேசையாக ஆறு மாதம் நகர்ந்துகொண்டிருக்காது. உடன் படிப்பவர்களும் கூர்மையானவர்களாக இருப்பார்கள், பிஎச்.டி.யில் பாதியைக் கற்றுத்தருபவர்கள் அவர்கள்தாம்.

இவ்வழியில் இறங்குவோர் கைடைப் பார்ப்பதற்கு முன் கிருமியைப் பார்க்க வேண்டும். ஈ.கோலை என்னும் குடல் பாக்டீரியா நல்ல ஊடகத்தில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. மாலையில் இட்ட கல்ச்சரின் விடை மறுநாள் காலையில் கையில் இருக்கும். காசநோய்க் கிருமி ஒருமுறை இரட்டிக்க ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்கிறது. லோவன்ஸ்டைன்–ஜென்சன் ஊடகத்தில், அதாவது முட்டையும் மாலகைட் பச்சையும் கலந்து சாய்வாக உறையவைத்த அந்தப் பச்சைநிறக் குழாயில், சளி மாதிரியைத் தடவி 37 டிகிரியில் வைத்தால், கரடுமுரடான வெளிர்மஞ்சள் திட்டுகள் தெரிய மூன்று முதல் எட்டு வாரம் ஆகும். எட்டு வாரம் பார்த்த பிறகுதான் ‘வளரவில்லை’ என்றே எழுத முடியும். அதிலும் உயிருள்ள கிருமியைக் கல்ச்சராகக் கையாள பி.எஸ்.எல்-3 எனப்படும் உயர் பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும்; உள்ளே நுழைவதற்கும் வெளியே வருவதற்கும் முறை இருக்கிறது, நேரப் பங்கீடு இருக்கிறது, பராமரிப்புக்காக மூடிவிடும் வாரங்களும் இருக்கின்றன. யு.ஜி.சி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று ஆண்டு, பொதுவான உச்சவரம்பு ஆறு ஆண்டு. ஈ.கோலையில் பிழையாகிப்போன ஒரு சோதனையை மறுவாரமே திரும்பச் செய்துவிடலாம்; காசநோய்க் கிருமியில் அதே பிழை ஒரு பருவத்தையே விழுங்கிவிடும். இந்தக் கணக்கைப் போடாமல் காசநோய் ஆய்வில் சேர்ந்துவிட்டு, ஐந்தாம் ஆண்டில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பவர்கள் குறைவல்லர்.

இவ்வழியின் பெரிய குறை வேறொன்று. உலகெங்கும் காசநோய் ஆய்வகங்கள் பயன்படுத்தும் எச்37ஆர்வி என்ற இனம், 1905இல் நியூயார்க் மாநிலத்தின் சாரனாக் லேக் என்னும் ஊரில் ஒரு நோயாளியிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்ட கிருமியின் வழிவந்தது. 1998இல் அதன் மரபுத்தொகுதி முழுவதும் வாசிக்கப்பட்டது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அதைப் போன்ற பொது இனம் ஒன்று அவசியம்தான். என்றாலும், உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் வாழும் நாட்டில் இருந்துகொண்டு, ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய அமெரிக்க நோயாளியின் கிருமியிலேயே தம் ஆய்வைத் தொடங்கி முடித்து, ஒரு காசநோயாளியின் கோப்பைக்கூடப் பார்க்காமல் பட்டம் பெற முடிகிறது என்பது சற்று யோசிக்க வேண்டிய நிலை. பட்டத்தின் தரம் இதனால் குறைவதில்லை. ஆனால் பட்டம் பெற்றவரிடம் அடுத்து என்ன கேட்கலாம் என்று தோன்றும் கேள்விகளும் அந்தக் குழாய்க்குள்ளிருந்தே வருகின்றன. அதே குழாயை வைத்துக்கொண்டு பாஸ்டனிலும் பாரிசிலும் பத்து மடங்கு நிதியோடு உட்கார்ந்திருப்பவர்களோடு அவர் வாழ்நாள் முழுவதும் போட்டியிட வேண்டியிருக்கிறது.

மருத்துவமனையோடு ஒட்டிய ஆய்வகத்தின் வலிமை இங்கேதான் விளங்குகிறது. இந்தியாவில் எச்.ஐ.வி இருப்பது கண்டறியப்பட்ட வரலாற்றை இதற்குச் சான்றாகச் சொல்லலாம். 1985–86இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமன், தம் முதுநிலை மாணவி நிர்மலாவை இதற்கான ஆய்வில் இறக்கினார். பாலியல் தொழிலாளர்களை எங்கே தேடுவதென்றே தெரியாத நிலையில் மாணவி பெண்கள் காப்பகத்துக்குப் போய் இரத்த மாதிரிகளைத் திரட்டினார். சென்னையில் அப்போது எலிசா என்னும் இரத்தச் சோதனைக்கு வசதி இல்லை. மாதிரிகள் ஐஸ் பெட்டியில் இரவு ரயிலில் வேலூர் சி.எம்.சி.க்குப் போயின; அங்கேதான் ஆறு மாதிரிகளில் தொற்றைக் காட்டும் மஞ்சள் நிறம் தெரிந்தது. கருவி வேலூரில் இருந்தது, கேள்வி சென்னையில் இருந்தது. கருவியை நோக்கி மாதிரி ஒரே இரவில் பயணம் செய்துவிட்டது. கருவி மட்டும் இருந்து, அந்தக் கேள்வியைக் கேட்டு, வீதியில் இறங்கி மாதிரி எடுக்கும் ஒருவர் இல்லாமல் போயிருந்தால் கண்டுபிடிப்பு இன்னும் எத்தனை நாள் தள்ளிப் போயிருக்குமோ.

அதே வரலாற்றின் பிற்பகுதியையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. மாணவி தம் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டுக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் பணிக்குப் போனார், எச்.ஐ.வி ஆய்வு அவருடைய தொழிலாக அமையவில்லை. சுனிதி சாலமன் 1993இல் ஒய்.ஆர்.ஜி கேர் நிறுவனத்தைத் தொடங்கித் தம் வாழ்நாளை அந்நோய்க்கே கொடுத்தார். மாதிரிக்கு அருகில் இருந்தால் ஒரு பெரிய கண்டுபிடிப்பு கைக்கு வரலாம். அதை வைத்துத் தொடர்ந்து ஆய்வு செய்ய நிதியும் பதவியும் தன்னுரிமையும் வேண்டும். மருத்துவமனை முதலாவதைத் தாராளமாகத் தருகிறது, இரண்டாவதை எண்ணித்தான் தருகிறது.

அங்குள்ள உண்மையான புதையல் ஃப்ரீசரும் கேஸ் ஷீட்டும் சேர்ந்திருப்பது. மைனஸ் 80 டிகிரிப் பெட்டியில் சிறு குப்பி ஒன்று இருக்கிறது. அதன்மேல் ஓர் எண் எழுதியிருக்கிறது. அந்த எண்ணைப் பதிவேட்டில் தேடினால், அக்கிருமி எந்த வார்டு நோயாளியின் இரத்தத்திலிருந்து எந்தத் தேதியில் வளர்ந்தது, அதற்கு முன் அவருக்கு எந்த ஆன்டிபயாட்டிக் எத்தனை நாள் போனது, அவர் பிழைத்தாரா என்பது வரை தெரியும். இந்தத் தொடர்பு அறுந்துபோன குப்பி வெறும் கிருமி; தொடர்பு உள்ள குப்பி ஒரு நோயின் வரலாறு. என்.டி.எம்-1 என்ற நொதியால் கார்பபெனெம் என்னும் கடைசிநிலை ஆன்டிபயாட்டிக்குகளையும் எதிர்த்து நிற்கும் பாக்டீரியாக்களைப் பற்றி 2010இல் வெளிவந்து உலகையே பேசவைத்த கட்டுரையின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த கார்த்திகேயன் குமாரசாமி. அக்கட்டுரைக்குச் சென்னையிலிருந்து சேகரித்த 44 கிருமிகள் பயன்பட்டன. ஹரியானா, பாகிஸ்தான், பிரிட்டன் மாதிரிகள் அவற்றோடு வைத்து ஒப்பிடப்பட்டன. அதைச் செய்ய அவருக்கு உலகத் தரவரிசையில் இருக்கும் நிறுவனத்தின் முகவரி தேவைப்படவில்லை. சென்னை மருத்துவமனைகளின் கிருமிகளும், பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தோடு ஒரு கூட்டும் போதுமாயிருந்தன. புதுடெல்லியின் பெயரை நொதிக்கு வைத்ததை எதிர்த்து அரசு கொதித்தெழுந்ததும், மாதிரிகள் நாட்டை விட்டுப் போனதைப் பற்றிக் கேள்விகள் எழுந்ததும் தனிக்கதை. வெளிநாட்டுக் கூட்டாய்வுக்குச் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவுடைய ஒப்புதலை முன்கூட்டியே பெற்றாக வேண்டும் என்பதை இத்துறைக்கு வரும் எவரும் முதலாண்டிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

வேலூரின் குழந்தைகள் ஆய்வு இதைவிடப் பொறுமையான சான்று. 2002இல் தொடங்கி, நகரின் நெரிசலான குடியிருப்புகளில் பிறந்த 373 குழந்தைகளை மூன்று வயது வரை பின்தொடர்ந்தார்கள். களப்பணியாளர்கள் விடாமல் வீடு வீடாகப் போய் மல மாதிரிகளைச் சேகரித்தார்கள். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸ் ஒருமுறை தொற்றிய குழந்தைக்கு அடுத்த முறை எவ்வளவு பாதுகாப்பு கிடைக்கிறது என்பதே கேள்வி. மெக்சிகோவில் முன்பு நடந்த ஆய்வில் இரண்டு தொற்றுகளே கடுமையான வயிற்றுப்போக்கிலிருந்து முழுப் பாதுகாப்புத் தந்ததாகத் தெரிந்திருந்தது. வேலூரில் மூன்று தொற்றுக்குப் பிறகும் பாதுகாப்பு 79 விழுக்காட்டில் நின்றது. வாய்வழித் தடுப்பூசிகள் நம் ஊர்க் குழந்தைகளிடம் ஏன் குறைவாக வேலை செய்கின்றன என்ற விவாதத்துக்கு 2011இல் வெளியான அக்கட்டுரை ஆதாரமாயிற்று. டெல்லியில் பிறந்த குழந்தைகளிடம் கண்டெடுத்த 116இ என்ற வைரஸிலிருந்து பாரத் பயோடெக் தயாரித்த ரோட்டாவேக் தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனை டெல்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்தது. 2016இல் அது தேசியத் தடுப்பூசித் திட்டத்துக்குள் வந்தது. இத்தகைய வேலையில் ஒரு பிஎச்.டி மாணவருக்குக் கிடைப்பது சிறு துண்டுதான். ஆனால் அந்தத் துண்டு எந்தத் துணியைச் சேர்ந்தது என்பது அவருக்குத் தெரியும்.

குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. மருத்துவமனை ஆய்வகத்தில் அன்றாடச் சோதனைகளின் சுமை ஆய்வு மாணவர் மீதும் சாயும். காலையில் கிருமி வளர்க்கும் மக்கான்கி தட்டுகளைப் பார்த்து முடிப்பதற்குள் மதியமாகிவிடும் நாட்கள் உண்டு. எம்.டி முடித்தவருக்கும் எம்.எஸ்சி, பிஎச்.டி முடித்தவருக்கும் இடையே எழுதப்படாத ஒரு படிநிலை இருக்கிறது. சில இடங்களில் அது மரியாதையோடு நிற்கும், சில இடங்களில் ஆய்வுக் கட்டுரையில் பெயர் வரும் வரிசை வரை வந்துவிடும். மருத்துவக் கல்லூரிகளில் நுண்ணுயிரியல் ஆசிரியர் பணிக்கு மருத்துவரல்லாதவர்களை எத்தனை பேர்வரை எடுக்கலாம் என்ற விதியும் அண்மை ஆண்டுகளில் மாறி மாறி வந்துள்ளதால், அந்தப் பதவியை மட்டும் நம்பி இவ்வழிக்கு வரக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அடிப்படைச் சோதனைகளில் கறாரான பயிற்சி கொடுக்க ஆள் இல்லாத மருத்துவமனைகள் பல. அங்கே ஐந்து ஆண்டு இருந்தும், ‘இத்தனை விழுக்காடு கிருமிகள் இத்தனை மருந்துகளை எதிர்க்கின்றன’ என்ற பட்டியலுக்கு அப்பால் ஒரு கேள்வியைக்கூட எழுப்பாத ஆய்வேடுகள் நூலகங்களில் அடுக்கடுக்காக இருக்கின்றன. மாதிரிக்கு அருகில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு அவையே சாட்சி.

களப்பணி நிறுவனங்களுக்கு வருவோம். சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956இல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையமாகத் தொடங்கியது, ஐ.சி.எம்.ஆர், அன்றைய சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து அதைத் தொடங்கின. அதன் முதல் ஆய்வில் 193 நோயாளிகள். பாதிப் பேர் சானடோரியம் என்னும் காசநோய் மருத்துவமனையில், பாதிப் பேர் தங்கள் நெரிசலான வீடுகளில். ஓய்வு, நல்ல காற்று, ஊட்டமான உணவு ஆகியவை இல்லாத வீட்டிலும் மருந்தை ஒழுங்காக உண்டால் ஏறக்குறைய அதே அளவு குணமாகிறது என்று 1959இல் அவர்கள் காட்டியது, உலகெங்கும் சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்தது. புது மருந்தும் கிடையாது, புதுக் கருவியும் கிடையாது. ஒப்பிடும் முறை மட்டும் சரியாக அமைந்திருந்தது. ஆய்வு வடிவமைப்பு என்பது என்ன என்று மாணவர்களுக்கு விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

அதே மரபின் மறுபக்கம், காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யைச் சோதித்த செங்கல்பட்டு ஆய்வு. 1968இல் தொடங்கி, லட்சக்கணக்கான மக்களைச் சேர்த்து, ஏழரை ஆண்டு பின்தொடர்ந்த பிறகு 1979இல் வந்த விடை: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி தடுக்கவில்லை. பதினைந்து ஆண்டு பின்தொடர்ந்த முடிவு 1999இல்தான் வெளியானது. அதுவும் அதையே சொன்னது. அறிவியலுக்கு இது மிகப் பெரிய பங்களிப்பு. ஆனால் இருபத்தைந்து வயதில் ஒருவர் தம் பெயரை நிலைநாட்ட வேண்டிய நேரத்தில் இத்தகைய ஆய்வில் இறங்கினால், முடிவு வருவதற்குள் தலை நரைத்துவிடும். கட்டுரை வரும்போது ஆசிரியர் பட்டியலில் முப்பது பேரில் ஒருவராக இருப்பார். களப்பணி வழியில் போகிறவர், பெரிய ஆய்வின் உள்ளே மூன்று ஆண்டில் முடியக்கூடிய தம்முடைய சொந்தக் கேள்வி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஜார்க்கண்டில் 2,800 காசநோயாளிகளைச் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினரின் குடும்பங்களுக்கும் கூடுதல் உணவு கொடுத்து, அவர்களோடு வசிப்பவர்களிடம் நோய் ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்ததைக் காட்டி 2023இல் வெளியான ரேஷன்ஸ் ஆய்விலும் சேத்துப்பட்டு நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. அதுபோன்ற ஆய்வுக்குள் ஒரு நுண்ணுயிரியல் மாணவர் கேட்கக்கூடிய கேள்விகள் ஏராளம்.

ஆயப்பாக்கத்தில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் புள்ளியியலையும் நோய்ப்பரவல் ஆய்வையும் கற்றுத்தருவதில் தேர்ந்தது; புதுச்சேரியின் வி.சி.ஆர்.சி கொசு வழி நோய்களுக்கானது. பூச்சியியலில் விருப்பமுள்ளவர் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. இந்நிறுவனங்கள் அனைத்திலும் பிஎச்.டி.க்கான பதிவு பெரும்பாலும் வேறொரு பல்கலைக்கழகத்தின் வழியே நடக்கும் என்பதையும், திட்டப் பணியாளராகச் சேர்ந்து பிறகு பதிவு செய்துகொள்ளலாம் என்று வாய்மொழியாகச் சொல்வதை நம்பிச் சேர்வது ஆபத்து என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திட்டம் முடிந்தால் ஒப்பந்தமும் முடியும். பாதியில் நிற்கும் ஆய்வுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

வெளிநாட்டு வழியைப் பற்றிப் பேசும்போது காலரா ஆய்வாளர் சம்புநாத் டேயின் வாழ்க்கையைச் சொல்லாமல் இருக்க முடியாது. கொல்கத்தாவில் மருத்துவம் படித்து, நோய்க்குறியியலில் பணிபுரிந்து, காலராவால் சாகும் மக்களைக் கண்ணால் கண்ட பிறகே அவர் லண்டனுக்குப் போனார், 1949இல் பிஎச்.டி.யோடு திரும்பினார். 1953இல் முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரண்டு பக்கமும் நூலால் கட்டி, அதற்குள் காலராக் கிருமியைச் செலுத்தி, மறுநாள் திறந்து பார்க்கும் முறையை வகுத்தார். கட்டிய துண்டு நீர் கோத்துப் பருத்திருந்தது. 1959இல் கிருமியே இல்லாமல், அது வளர்ந்த திரவத்தை மட்டும் வடிகட்டிச் செலுத்தியும் அதே விளைவைக் காட்டினார். ராபர்ட் கோக் 1884இல் ஊகித்த காலரா நச்சு இருப்பது அதோடு உறுதியாயிற்று. நூலும் முயலும் வடிகட்டியும்தான் கருவிகள். லண்டன் அவருக்குச் சோதனை செய்யும் ஒழுக்கத்தைத் தந்தது. கேள்வியைக் கொல்கத்தா முன்பே தந்திருந்தது. இந்த வரிசைதான் கவனிக்க வேண்டியது.

இன்று எம்.எஸ்சி முடித்த கையோடு வெளிநாடு செல்பவருக்கு வரிசை தலைகீழாகிறது. அமெரிக்காவில் ஐந்து முதல் ஆறு ஆண்டு. முதலாண்டில் இரண்டு மூன்று ஆய்வகங்களில் சுழன்று பார்த்துவிட்டுக் கைடைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அங்கே உண்டு. இது நம் மாணவர்களுக்குக் கிடைக்காத பெரிய வசதி. ஜெர்மனியில் மூன்று முதல் நான்கு ஆண்டு, பெரும்பாலும் சம்பளம் பெறும் ஊழியராக. பெர்லினில் தொற்று உயிரியலுக்கென்றே ஒரு மேக்ஸ் பிளாங்க் நிறுவனம் இருக்கிறது. பிரிட்டனில் காலம் குறைவு, வெளிநாட்டவருக்கு நிதி கிடைப்பது கடினம். 2025இல் அமெரிக்க அரசு மருத்துவ ஆய்வு நிதியை வெட்டிய பிறகு பல ஆய்வகங்கள் மாணவர் சேர்க்கையைக் குறைத்தன. எனவே இன்று அமெரிக்காவை மட்டும் நம்பி விண்ணப்பிப்பது அறிவுடைமை ஆகாது. பயிற்சியின் தரத்தில் இவை மேலானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. திரும்பி வருவதே சிக்கல். அங்கே செய்த வேலை அங்குள்ள மாதிரிகளில், அங்குள்ள எலிகளில், கைடு எழுதி வாங்கிய நிதியில் நடந்தது. விமானம் ஏறும்போது எதுவும் கூட வராது. உயிரித் தொழில்நுட்பத் துறையின் ராமலிங்கஸ்வாமி மறுநுழைவு ஃபெலோஷிப், இந்தியா அலையன்ஸ் ஃபெலோஷிப் போன்றவை திரும்புவோருக்கு உதவுகின்றன. என்றாலும் முப்பத்தைந்து வயதில் ஒரு புதிய மருத்துவமனையோடு நம்பிக்கையை வளர்த்து, எத்திக்ஸ் கமிட்டியின் ஒப்புதல் வாங்கி, முதல் மாதிரி கைக்கு வருவதற்குள் ஃபெலோஷிப்பின் பாதி கரைந்துவிடுகிறது. திரும்பும் எண்ணமே இல்லாதவருக்கு இந்த வாதம் பொருந்தாது. அவர் நேராகப் போவதே நல்லது.

தடுப்பூசி நிறுவனங்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பாரத் பயோடெக்கை நிறுவிய கிருஷ்ணா எல்லா திருத்தணிக்காரர். அமெரிக்காவின் விஸ்கான்சின்–மாடிசன் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி முடித்துவிட்டு வந்தவர். எம்.எஸ்சியோடு அந்நிறுவனங்களில் சேர்பவர் தரக் கட்டுப்பாட்டிலோ உற்பத்தியிலோ நல்ல சம்பளத்தோடு கறாரான வேலை கற்றுக்கொள்வார். ஆனால் எதை ஆராய்வது என்று தீர்மானிக்கும் மேசைக்கு அங்கேயும் பிஎச்.டி தேவைப்படுகிறது. குடும்பச் சூழலால் உடனே சம்பாதிக்க வேண்டியவர்கள் இரண்டு மூன்று ஆண்டு அங்கே இருந்துவிட்டு வருவதில் இழப்பு ஒன்றுமில்லை. உதவித்தொகைத் தேர்வுகளின் வயது வரம்பை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பணக் கணக்கில் உள்நாட்டு வழிகளுக்குள் பெரிய வேறுபாடு இல்லை. 2023 ஜனவரியிலிருந்து ஜே.ஆர்.எஃப் எனப்படும் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப் எனப்படும் முதுநிலைத் தொகை 42,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. சி.எஸ்.ஐ.ஆர் (அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழுமம்), டி.பி.டி (உயிரித் தொழில்நுட்பத் துறை), ஐ.சி.எம்.ஆர் என எந்தத் தேர்வில் வென்றாலும் தொகை இதுதான். வேறுபாடு இருப்பது அது கைக்கு வரும் நாளில். பல மாதம் சேர்ந்து ஒரே தவணையாக வருவது வழக்கமாகிவிட்டதால், ஆறு மாதச் செலவுக்கு வழி செய்துகொள்ளாமல் வேறு ஊரில் சேர்வது கடினம். சொந்தமாக ஃபெலோஷிப் வென்றவருக்கு இன்னொரு நன்மை உண்டு: அவர் கைடின் திட்ட நிதியை நம்பியிருப்பதில்லை, ஆகவே கேள்வியைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் பேச்சுக்குச் சற்று எடை கூடும். ஒரு தேர்வுக்காக ஆறு மாதம் காத்திருப்பது தகும் என்று நான் சொல்வது பணத்துக்காக மட்டும் அல்ல.

இத்தனையையும் வைத்துப் பார்த்தால், தமிழ்நாட்டில் எம்.எஸ்சி முடித்து, இங்கேயே தொற்றுநோய் ஆய்வில் நிலைக்க விரும்பும் ஒருவருக்கு என் பரிந்துரை தெளிவானது: பிஎச்.டி.யை மருத்துவமனையோடு ஒட்டிய ஆய்வகத்திலோ ஐ.சி.எம்.ஆர் நிறுவனத்திலோ செய்து, அதற்குப் பிந்தைய ஆய்வுப் பயிற்சியான போஸ்ட்டாக்கை அடிப்படை ஆய்வகத்திலோ வெளிநாட்டிலோ செய்வது. சம்புநாத் டே போன வரிசை இதுவே. நோயும் மாதிரியும் மனிதர்களும் முதலில். ஆழமான கருவிப் பயிற்சி அடுத்து. கருவியைப் பத்து மாதத்தில் கற்றுக்கொள்ளலாம், கருவி எப்படியும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாறிவிடும். ஒரு நோயைப் பற்றிய உள்ளுணர்வும் அதை நடத்தும் மருத்துவர்களின் நம்பிக்கையும் அப்படி வருவதில்லை. இதற்கு இரண்டு விலக்குகளைச் சொல்வேன். கிருமியின் புரத அமைப்பு, மரபணுக் கட்டுப்பாடு போன்றவற்றில்தான் உங்கள் மனம் லயிக்கிறது, நோயாளியைப் பார்ப்பதில் தனி ஆர்வம் இல்லை என்றால் பெங்களூருக்கே போங்கள். ஆர்வமில்லாத அருகாமையால் பயனில்லை. உங்களுக்குக் கிடைக்கும் மருத்துவமனை ஆய்வகத்தில் கறாராகப் பயிற்சி தரும் கைடு இல்லை என்றாலும் அப்படியே; பட்டியல் போடும் ஆய்வேட்டைவிட எச்37ஆர்வி மேல்.

அந்த இரண்டாவது விலக்கு பொருந்துமா என்பதை நேர்காணலுக்கு முன்பே கண்டுபிடிக்க வேண்டும். கைடிடம் கேட்டால் விடை கிடைக்காது. அவரிடம் படித்து முடித்த நால்வரைத் தேடிப் பேசுங்கள். எத்தனை ஆண்டு ஆயிற்று, முதல் ஆசிரியராக எத்தனை கட்டுரை வந்தது, மாதிரி சேகரிக்கும் நடைமுறையும் எத்திக்ஸ் ஒப்புதலும் சேரும்போதே இருந்தனவா அல்லது மூன்றாம் ஆண்டில் வந்தனவா, சோதனை பொய்த்தபோது அவர் என்ன செய்தார், இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். பாதியில் விட்டுப் போனவர் ஒருவர் இருந்தால் அவரிடம் கட்டாயம் பேசுங்கள். அவர் சொல்வதில் பாதி மனக்கசப்பு என்று தள்ளிவிட்டாலும், மீதிப் பாதி நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்காது. வாய்ப்பிருந்தால் ஒரு வாரம் அந்த ஆய்வகத்தில் இருந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஃப்ரீசர் பதிவேட்டைத் திறந்து, ஓர் எண்ணைச் சுட்டி, இந்த நோயாளியின் விவரம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். உடனே எடுத்துக் காட்டினால் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடலாம்.